பங்கு விலையின் ஏற்ற இறக்கம்: அளவிடும் முறையும் அதன் எல்லையும்

நமது ஒரு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் கடல் நடுவே நிற்கும் எண்ணெய்த் துளையிடும் மேடை ஒன்றின் படம் அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். ‘சாகர் சாம்ராட்’ என்னும் அந்த மேடையைக் கொண்டுதான் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் 1974-ஆம் ஆண்டில் பம்பாய் ஹை கடற்பகுதியில் எண்ணெய் வளத்தைக் கண்டறிந்தது. 1976-ஆம் ஆண்டில் அங்கு எண்ணெய் உற்பத்தி தொடங்கியது. அன்று முதல் கடலடி எண்ணெய் நாட்டின் பொருளாதாரத்தில் முக்கிய இடத்தைப் பெற்று வந்துள்ளது.

ஆயினும் கடலில் துளையிடும் பணி முழுவதையும் அரசு நிறுவனமே தனது சொந்த மேடைகளால் செய்துவிடுவதில்லை. மேடைகளைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, அவற்றை எண்ணெய் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் தனியார் நிறுவனங்களும் தோன்றின. இவற்றுட் சிலவற்றின் பங்குகள் பங்குச் சந்தையில் வாங்கி விற்கப்படுகின்றன. ஆகவே நடுக்கடலில் நிகழும் ஒரு விபத்தோ, எண்ணெய் விலையில் ஏற்படும் ஒரு சரிவோ, கடலையே பார்த்திராத ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் பாதிக்கக்கூடும்.

புனே நகரின் விஷ்ராந்த்வாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முன்பு அவர் பங்கு வாங்க எண்ணியிருந்தால் தரகர் ஒருவரை நாட வேண்டியிருந்திருக்கும். 1982-இல் தொடங்கப்பட்டு 2015-இல் செயலை முடித்துக்கொண்ட பங்குச் சந்தை ஒன்று புனேயிலேயே இருந்தது. இன்று அவர் கைப்பேசியிலேயே சென்னை நிறுவனமொன்றின் பங்கை மும்பைச் சந்தையில் வாங்கிவிடலாம். வாங்குவது எளிதாகிவிட்டது. ஆனால் “இந்தப் பங்கில் எனது பணிக்கொடையை இடலாமா? அதன் விலை எவ்வளவு தூரம் ஆடும்?” என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதாகிவிடவில்லை. இக்கேள்விக்கு விடை காணப் பயன்படும் அளவுகோல் எது, அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைக் காண்போம்.

சென்னை நிறுவனம் ஒன்றின் அனுபவம்

நம் நாட்டில் இதற்கு ஆபான் ஆஃப்ஷோர் நிறுவனத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனம் 1986-ஆம் ஆண்டில் ஆபான் லாய்ட் சைல்ஸ் ஆஃப்ஷோர் என்ற பெயரில் தோற்றுவிக்கப்பட்டது. 2006-07 ஆண்டுகளில், நார்வே நாட்டைச் சேர்ந்த சின்வெஸ்ட் என்னும் நிறுவனத்தை நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட செலவில் கையகப்படுத்தியது. இதற்கான நிதியின் பெரும்பகுதி கடனாகவே திரட்டப்பட்டது. கச்சா எண்ணெயின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மேடைகளுக்கு உலகெங்கும் தேவை மிகுந்திருந்தது. 2008 ஜனவரியில் ஆபான் பங்கின் விலை 5,000 ரூபாயைத் தாண்டியது.

அதன்பின் வந்தது வீழ்ச்சி. 2009 மார்ச் மாதத்தில் அதே பங்கின் விலை 300 ரூபாய்க்கும் கீழே சென்றது. உச்சத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியவரின் கையில் பதினான்கே மாதங்களில் ஏறத்தாழ 6,000 ரூபாய் மதிப்பே எஞ்சியிருக்கும். இழந்ததை மீட்க வேண்டுமாயின் விலை ஏறத்தாழ பதினேழு மடங்கு உயர வேண்டும்.

இவ்வீழ்ச்சிக்குக் கச்சா எண்ணெயின் விலை மட்டுமே காரணமென்று கொள்வது சரியன்று. எண்ணெய் விலை 2008 ஜூலையில்தான் பீப்பாய்க்கு 147 டாலர் என்னும் உச்சத்தை எட்டியது. ஆனால் அதற்குள்ளாகவே ஆபான் பங்கின் விலை ஜனவரி உச்சத்திலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. எண்ணெய் விலையின் சரிவும், செப்டம்பரில் மூண்ட உலக நிதி நெருக்கடியும் பின்னர் அதனுடன் சேர்ந்துகொண்டன.

2010-ஆம் ஆண்டு மே 13 அன்று வேறு வகையான அடி விழுந்தது. அந்நிறுவனத்தின் ‘ஆபான் பேர்ல்’ என்னும் மிதவை மேடை வெனிசுவேலா நாட்டின் கடற்பகுதியில் மூழ்கியது. அதிலிருந்த 95 பணியாளர்களும் உயிருடன் மீட்கப்பட்டனர். சென்னையிலும் மும்பையிலும் அச்செய்தி கிடைத்த அன்றே பங்கின் விலை கடுமையாகச் சரிந்தது. எண்ணெய் விலையோ சந்தைக் குறியீட்டெண்ணோ அத்தகைய சரிவுக்குக் காரணமாக அமையவில்லை. அது அந்நிறுவனத்துக்கே உரிய இடர் ஆகும்.

வருவாயின் தன்மை

ஏற்ற இறக்கத்தை அளக்கும் முன் அதன் ஊற்றுக்கண்ணை அறிதல் நலம். துளையிடும் நிறுவனம் எண்ணெயை விற்பதில்லை; மேடையை நாள் வாடகைக்கு விடுகிறது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே செய்யப்படுகின்றன. ஒப்பந்தம் நடப்பிலிருக்கும்வரை எண்ணெய் விலை சரிந்தாலும் வாடகை வந்துகொண்டிருக்கும். ஒப்பந்தம் முடிந்து புதிய ஒப்பந்தப்புள்ளி கோரப்படும்போதுதான் சரிவின் விளைவு முழுமையாகத் தெரியவரும். வாடகைக்குப் போகாத மேடைக்கும் பராமரிப்புச் செலவு உண்டு; அதை வாங்கப் பெற்ற கடனுக்கு வட்டியும் உண்டு. பங்குச் சந்தையோ ஒப்பந்தம் முடியும்வரை காத்திருப்பதில்லை. நாளைய வாடகை குறையும் என்ற எண்ணம் எழுந்தவுடனேயே இன்றைய பங்கு விலையைக் குறைத்துவிடுகிறது.

அளவிடும் முறை

பங்கின் விலை 500 ரூபாயா, 50 ரூபாயா என்பது ஏற்ற இறக்கத்தை அளப்பதற்கு முக்கியமன்று. 500 ரூபாய்ப் பங்கில் ஐந்து ரூபாய் மாற்றம் சிறிது. 50 ரூபாய்ப் பங்கில் அதே ஐந்து ரூபாய் பெரிது. எனவே முதற்படியாக விலைகளை அன்றாட மாற்ற விகிதங்களாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நாளின் இறுதி விலைக்கும் முந்தைய நாளின் இறுதி விலைக்கும் உள்ள வேறுபாட்டை முந்தைய நாள் விலையால் வகுத்தால் அன்றைய மாற்ற விகிதம் கிடைக்கும்.

கற்பனையாக ஒரு வார விலைகளை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் பங்கின் விலை 500 ரூபாய். அடுத்த ஐந்து நாட்களில் அது முறையே 4 சதவீதம் ஏறி, 5 சதவீதம் இறங்கி, 3 சதவீதம் ஏறி, 2 சதவீதம் இறங்கி, இறுதியில் 5 சதவீதம் ஏறுகிறது எனக் கொள்வோம். இந்த ஐந்து மாற்றங்களின் கூட்டுத்தொகை 5, சராசரி 1. ஒவ்வொரு நாளின் மாற்றத்திலிருந்தும் இந்தச் சராசரியைக் கழித்தால் கிடைக்கும் விலக்கங்கள் 3, −6, 2, −3, 4 ஆகும். இவற்றின் வர்க்கங்கள் 9, 36, 4, 9, 16, கூட்டுத்தொகை 74. நாட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, அதாவது 4 ஆல் வகுத்தால் 18.5 கிடைக்கிறது. இதனைப் பரவற்படி என்பர். இதன் வர்க்கமூலம் 4.3. இதுவே திட்ட விலக்கம். பங்குச் சந்தையில் அன்றாட ஏற்ற இறக்கம் எனப்படுவதும் இதுதான்.

இதனை ஆண்டு அளவாக மாற்றிக் கூறுவது மரபு. ஓர் ஆண்டில் சந்தை ஏறத்தாழ 250 நாட்கள் இயங்குகிறது. ஆனால் 4.3 சதவீதத்தை 250 ஆல் பெருக்கிவிடக் கூடாது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்வதால் ஏற்ற இறக்கம் காலத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே வளர்கிறது. ஒரு நாளின் மாற்றம் மறுநாளின் மாற்றத்தைச் சார்ந்ததன்று என்ற அனுமானமே இதற்கு அடிப்படை. 250-இன் வர்க்கமூலம் 15.8. ஆகவே ஆண்டு ஏற்ற இறக்கம் 4.3 × 15.8, அதாவது சுமார் 68 சதவீதம்.

இதனுடன் ஒப்பிட, நாள்தோறும் ஒரு சதவீதத்துக்கு மேல் அசையாத இன்னொரு பங்கைக் கொள்வோம். அதன் ஐந்து நாள் மாற்றங்கள் 1, −0.5, 0.5, −1, 0.5 எனில், திட்ட விலக்கம் 0.82 சதவீதம், ஆண்டளவில் 13 சதவீதம். முதற்பங்கு இதனைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் ஆடுகிறது என்பது புலனாகும். ஐந்து நாட்கள் கணக்கை விளக்குவதற்கு மட்டுமே போதுமானவை. நடைமுறையில் ஓராண்டின் விலைகளையேனும் எடுத்துக்கொள்வது நல்லது.

ஆய்வாளர்கள் எளிய சதவீதத்துக்குப் பதிலாக இரு நாள் விலைகளின் விகிதத்துக்கு இயற்கை மடக்கை காண்பர். இதற்குக் காரணம் உண்டு. 100 ரூபாய்ப் பங்கு 50 சதவீதம் ஏறிப் பின் 50 சதவீதம் இறங்கினால் மாற்றங்களின் சராசரி சுழியம். ஆனால் கையில் எஞ்சுவது 75 ரூபாய். மடக்கையைப் பயன்படுத்தினால் இம்முரண்பாடு நேராது. அன்றாட மாற்றங்கள் சிறியனவாக இருக்கும்போது இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தரும்.

நேற்றைய நாளுக்குக் கூடுதல் மதிப்பு

மேற்கண்ட முறையில் நேற்று நடந்ததற்கும் பத்து மாதங்களுக்கு முன் நடந்ததற்கும் ஒரே மதிப்பு அளிக்கப்படுகிறது. உண்மையிலோ கொந்தளிப்பான நாட்கள் கூட்டமாக வருகின்றன. அமைதியான நாட்களும் அவ்வாறே. இதனைக் கணித வடிவில் அமைத்துக் காட்டியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் எங்கிள். 1982-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, 2003-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை அவருக்குப் பெற்றுத் தந்தது.

இக்கருத்தின் எளிய வடிவம் நம் நாட்டிலும் வழக்கிற்கு வந்தது. 1998-இல் ஜெயந்த் வர்மா தலைமையிலான குழு, குறியீட்டெண் முன்பேர வணிகத்தில் இடரைக் கட்டுப்படுத்துவதற்காக இதனைப் பரிந்துரைத்தது. நேற்றைய பரவற்படியை 0.94 ஆலும், இன்றைய மாற்றத்தின் வர்க்கத்தை 0.06 ஆலும் பெருக்கிக் கூட்டினால் புதிய பரவற்படி கிடைக்கும். நேற்றுவரை அன்றாட ஏற்ற இறக்கம் 3 சதவீதமாக இருந்த பங்கு இன்று ஒரே நாளில் 10 சதவீதம் சரிகிறது எனக் கொள்வோம். 0.94 × 9 = 8.46; 0.06 × 100 = 6; கூட்டுத்தொகை 14.46. இதன் வர்க்கமூலம் 3.8. நூறு நாட்களுக்குச் சம மதிப்பளிக்கும் முறையிலோ இதே சரிவு அளவை 3.15 சதவீதத்துக்கு மட்டுமே உயர்த்தும். மேலும் அம்முறையில் நூறு நாட்கள் கழிந்ததும் அந்தச் சரிவு கணக்கிலிருந்து திடீரென நீங்கிவிடும். எதுவும் நிகழாமலேயே இடர் குறைந்துவிட்டதுபோல் தோன்றும். எடை குறைந்துகொண்டே செல்லும் முறையில் இக்குறை இல்லை. அதில் ஏறத்தாழ பதினொரு நாட்களுக்கு ஒருமுறை பழைய செய்தியின் மதிப்பு பாதியாகிறது.

கணக்கிடுவோர் கவனத்திற்கு

அளவுகோல் சரியாக இருந்தாலும் தரவு பிழையானால் விடையும் பிழையாகும். மூன்று செய்திகளை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, பங்குப் பிரிப்பு. 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு ஒன்று 2 ரூபாய் முகமதிப்புள்ள ஐந்து பங்குகளாகப் பிரிக்கப்படும் நாளில் சந்தை விலை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். இதனால் எவருக்கும் நட்டமில்லை. பழைய விலைகளைத் திருத்திக்கொள்ளாவிட்டால் கணக்கில் 80 சதவீத வீழ்ச்சி பதிவாகிவிடும்.

இரண்டாவது, விலை வரம்பு. நம் பங்குச் சந்தைகளில் பல பங்குகளுக்கு ஒரு நாளில் 5, 10, 20 சதவீதம் என்றவாறு மாற்ற வரம்பு விதிக்கப்படுகிறது. 15 சதவீதம் சரிய வேண்டிய பங்கு 5 சதவீத வரம்பில் நின்று மூன்று நாட்களாகச் சரிந்தால் அளவு உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். வாங்குவோரும் விற்போரும் இல்லாமல் விலை அசையாதிருக்கும் நாட்களும் இவ்வாறே ஏமாற்றக்கூடும்.

மூன்றாவது, இறுதி விலை மட்டும் போதாமை. காலையில் பெரிதும் வீழ்ந்து மாலையில் மீண்ட நாள், இறுதி விலையை மட்டும் நோக்கினால் அமைதியான நாளாகத் தோன்றும். இதனை ஈடுசெய்ய அன்றைய உச்ச விலையையும் தாழ்ந்த விலையையும் பயன்படுத்தும் முறையை மைக்கேல் பார்க்கின்சன் 1980-இல் வெளியிட்டார். இவ்விரண்டின் விகிதத்தின் மடக்கையை 1.665 ஆல் வகுத்தால் அன்றைய ஏற்ற இறக்கத்தின் மதிப்பீடு கிடைக்கும். உச்சம் 520, தாழ்வு 490 எனில் விடை ஏறத்தாழ 3.6 சதவீதம்.

கடன் என்னும் நெம்புகோல்

இனி, ஒரே கடலில், ஒரே வகை மேடையை இயக்கும் இரு நிறுவனங்களின் பங்குகள் ஏன் வெவ்வேறு அளவில் ஆடுகின்றன என்பதைக் காண்போம். விடை ஐந்தொகைக் குறிப்பில் இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் மேடைகளின் மதிப்பு 100 கோடி ரூபாய். கடன் எதுவும் இல்லை. மேடைகளின் மதிப்பு 10 சதவீதம் குறைந்தால் பங்குதாரர்களின் மதிப்பும் 10 சதவீதமே குறையும். மற்றொரு நிறுவனத்துக்கும் மேடைகளின் மதிப்பு 100 கோடி. ஆனால் கடன் 80 கோடி. பங்குதாரர்களுக்கு உரியது 20 கோடி மட்டுமே. மேடைகளின் மதிப்பு 90 கோடியாகக் குறைந்தால் கடன் குறைவதில்லை. பங்குதாரர்களின் 20 கோடி 10 கோடியாகிவிடும். அதாவது 10 சதவீதச் சரிவு 50 சதவீத இழப்பாகப் பெருகுகிறது. மேடைகளின் மதிப்பு 15 சதவீத அளவில் ஆடினால் பங்கு ஏறத்தாழ 75 சதவீத அளவில் ஆடும்.

இத்துடன் நிற்பதில்லை. சரிவுக்குப் பின் 90 கோடிச் சொத்தைத் தாங்கி நிற்பது 10 கோடிப் பங்கு மூலதனமே. முன்பு ஐந்து மடங்காக இருந்த நெம்புகோல் இப்போது ஒன்பது மடங்காகிவிட்டது. அடுத்த அசைவு இன்னும் கடுமையாக இருக்கும். பங்கு விலை சரியும்போது அதன் ஏற்ற இறக்கம் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணமென 1976-இல் ஃபிஷர் பிளாக் என்னும் அமெரிக்க அறிஞர் சுட்டிக்காட்டினார். பெருங்கடனில் கடல் கடந்த நிறுவனத்தை வாங்கிய ஆபானின் பங்கு ஏறும்போது விரைந்து ஏறியதையும், இறங்கும்போது விரைந்து இறங்கியதையும் இந்த அடிப்படையில் விளங்கிக்கொள்ளலாம்.

அளவுகோல் காணாதது

திட்ட விலக்கம் அசைவின் அகலத்தைக் காட்டும்; திசையைக் காட்டாது. ஒரு பங்கு நாள்தோறும் சரியாக ஒரு சதவீதம் வீழ்கிறது எனக் கொள்வோம். எல்லா நாட்களின் மாற்றமும் சராசரியே ஆதலால் விலக்கம் ஏதுமில்லை. கணக்கின்படி ஏற்ற இறக்கம் சுழியம். ஆயினும் 250 நாட்களின் முடிவில் 100 ரூபாயில் 8 ரூபாயே எஞ்சும்.

இது வெறும் கணக்கு விளையாட்டன்று. 2014-ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய்க்கு 115 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெயின் விலை 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே சென்றது. மேடைகளின் வாடகை உலகெங்கும் குறைந்தது; பல மேடைகள் பணியின்றி நின்றன. 2014-இல் பல நூறு ரூபாயாக இருந்த ஆபான் பங்கின் விலை 2020-இல் 50 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. ஆண்டுக் கணக்கில் நீண்ட இச்சரிவில் அச்சமூட்டிய நாட்கள் சிலவே. அரித்துத் தின்ற நாட்களே பல.

மேலும், அன்றாட மாற்றங்கள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டால், மூன்றில் இரு பங்கு நாட்களில் மாற்றம் ஒரு திட்ட விலக்கத்துக்குள் அடங்க வேண்டும். மிகப் பெரிய சரிவுகள் அரிதினும் அரிதாகவே நேர வேண்டும். பங்குச் சந்தையில் அவை அவ்வளவு அரிதல்ல. மேடை மூழ்குவதை எந்த வாய்பாடும் முன்கூட்டியே அறிவதில்லை.

அளவும் முடிவும்

ஆகவே பங்குகளை ஈடாகக் கொண்டு கடன் வழங்கும் வங்கி அதிகாரியாயினும், ஓய்வூதிய நிதியை நிர்வகிப்பவராயினும், இத்துறையைப் பயிலும் மாணவராயினும், ஏற்ற இறக்கத்தின் அளவைத் தனித்துப் படித்தல் போதாது. அதன் அருகில் மூன்று விவரங்களை வைத்துப் படிக்க வேண்டும். நிறுவனத்தின் கடன் அதன் சொந்த மூலதனத்தைப்போல் எத்தனை மடங்கு? நடப்பிலுள்ள வாடகை ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன? ஒரே மேடையை இழந்தால் வருவாயில் எவ்வளவு குறையும்? இம்மூன்றும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் பங்குச் சந்தைக்கு அது அளிக்கும் அறிவிப்புகளிலும் தேடிக் காணத்தக்கவை.

விஷ்ராந்த்வாடி ஓய்வூதியருக்கும் இதே விடைதான். ஆண்டு ஏற்ற இறக்கம் 68 சதவீதம் என்று கண்டால், அந்தப் பங்கு நட்டம் தரும் என்று பொருளல்ல. ஆதாயம் தரும் என்றும் பொருளல்ல. தவறிப்போனால் காத்திருந்து மீட்டுக்கொள்ளக் காலமும் வேறு வருவாயும் உள்ள பணத்தை மட்டுமே, அதிலும் ஒரு சிறு பகுதியை மட்டுமே, அதில் இடலாம் என்று பொருள். பணிக்கொடை என்பது முப்பது, நாற்பது ஆண்டு உழைப்பின் பயன். அதனை ஒரே மேடையின் மீது ஏற்றி நடுக்கடலில் நிறுத்துவதற்கு முன், ஒரு தாளில் சில கழித்தல்களும் ஒரு வர்க்கமூலமும் போட்டுப் பார்ப்பது அரை மணி நேர வேலைதான். நிறுவனத்தின் கடனையும் அதே தாளில் எழுதிக்கொள்வது இன்னும் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடங்களைத் தவிர்த்தல் ஆகாது.